இரணியனின் வரமும் சிட்டியின் சிவப்பு சிப்பும்

சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் குகைக்குள் இருக்கிறார். மூலவர் மலைப்பாறையோடு சேர்ந்தே வடிக்கப்பட்டவர். அவரை வலம் வர வேண்டுமானால் மலையையே சுற்றி வர வேண்டும். அர்ச்சகர் திருமண்ணை விலக்கித் தீபத்தை உயர்த்தும்போது நெற்றியில் மூன்றாவது கண் தெரியும். அந்தச் சந்நிதியில் நிற்கிற எவருக்கும் கதை தெரியும். இரணியன் கேட்டு வாங்கிய வரம் ஒரு சட்ட ஆவணம் போன்றது. மனிதனாலும் விலங்காலும் சாவில்லை. பகலிலும் இரவிலும் இல்லை. வீட்டுக்குள்ளும் வெளியிலும் இல்லை. மண்ணிலும் விண்ணிலும் இல்லை. எந்த ஆயுதத்தாலும் இல்லை. கொடுத்த வரத்தை ஒரே சொல்லில் திரும்பப் பெற்றிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும். அந்திப் பொழுது, வாசற்படி, மடி, நகம், பாதி சிங்கம் என்று வரத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் மதித்துக்கொண்டே நரசிம்மம் இரணியனின் வயிற்றைக் கிழிக்கிறது. முடிவு தெரிந்த பிறகும் இந்தக் கதை தலைமுறை தலைமுறையாகச் சலிக்காமல் இருப்பதற்குக் காரணம் இந்த ஒழுக்கம்தான். இராமகதையின் நடுவே, யுத்த காண்டத்தில், கம்பர் இதற்கென்று ஒரு படலத்தையே ஒதுக்கினார்.

இந்த ஊரிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் மாநில நெடுஞ்சாலை 57, இந்தியாவில் ரோபோக்கள் அதிகமாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்றுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர் என்று வாகன ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. ரெனோ-நிசான் ஆலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ஷங்கரின் 'எந்திரன்' வெளியானது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 29 அன்று, அதன் தொடர்ச்சியாக '2.0' வந்தது. தமிழில் அறிவியல் புனைகதைப் படத்தொடர் என்று சொல்லத்தக்கது முதன்மையாக இதுதான். ஹாலிவுட் தொடர்கள் பத்து, பன்னிரண்டு படங்கள் என்று நீள்கின்றன. இந்தியில் 'கோயி மில் கயா' (2003), 'க்ரிஷ்' (2006), 'க்ரிஷ் 3' (2013) என மூன்று வந்தன. எண்ணிக்கை எதுவானாலும் கேள்வி ஒன்றே: ஒரு தொடரில் வரும் படம் நல்ல படமா என்று எதை வைத்து முடிவு செய்வது? அதற்கான அளவுகோல் இரணியன் கதையிலேயே இருக்கிறது என்பது என் வாதம். முதல் படம் ஒரு வரம் கொடுக்கிறது. அதாவது, தன் உலகில் எது முடியும், எது முடியாது, எதற்கு என்ன விலை என்று நிபந்தனைகளை விதிக்கிறது. அடுத்து வரும் படம் அந்த நிபந்தனைகளைச் சொத்தாகவும் கடனாகவும் சேர்த்தே பெறுகிறது. அவற்றுக்கு உள்ளேயே நின்று எதிர்பாராத முடிவை எட்டுகிற படம் நல்ல படம். தன் வசதிக்காக அவற்றை மறக்கிற படம், எவ்வளவு பிரம்மாண்டமாக இருந்தாலும், தாழ்ந்த படம்.

இப்போது புழக்கத்தில் உள்ள அளவுகோல்கள் வேறு. முதலாவது வசூல். ஒரு படம் எத்தனை பேரை முதல் வாரத்தில் அரங்குக்கு இழுத்தது என்பதை அது சொல்லும். தொடர்ப் படத்தைப் பொறுத்தவரை அந்தக் கூட்டம் பெரும்பாலும் முந்தைய படம் சம்பாதித்துக் கொடுத்தது. இரண்டாவது செலவும் தொழில்நுட்பமும். 'எந்திரன்' 58ஆவது தேசிய விருதுகளில் சிறப்புக் காட்சி அமைப்புக்காகவும் கலை வடிவமைப்புக்காகவும் விருது பெற்றது. ஸ்ரீநிவாஸ் மோகனும் சாபு சிரிலும் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் செலவுக்கும் தரத்துக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதற்கு 'ஸ்டார் ட்ரெக்' தொடரே சாட்சி. 1979இல் வந்த முதல் படத்துக்கு 4 கோடி டாலருக்கும் மேல் செலவானது. 1982இல் வந்த இரண்டாவது படமான 'த ராத் ஆஃப் கான்' ஏறத்தாழ 1.2 கோடி டாலரில் முடிந்தது. இன்று தொடரின் உச்சமாகப் பெரும்பாலோர் சொல்வது அந்த மலிவான படத்தைத்தான். வெல்லவே முடியாதபடி அமைக்கப்பட்ட ஒரு பயிற்சித் தேர்வோடு படம் தொடங்குகிறது. தலைவன் கிர்க் ஒரு காலத்தில் ஏமாற்றித்தான் அந்தத் தேர்வை வென்றவன் என்று பின்னால் தெரிகிறது. இறுதியில் ஏமாற்ற வழியே இல்லாத நிலைமை வருகிறது. நண்பன் ஸ்பாக் உயிரைக் கொடுக்கிறான். தொடக்கத்தில் வைத்த நிபந்தனை முடிவில் வட்டியோடு வசூலாகிறது.

அந்தத் தொடரின் ரசிகர்களிடையே ஒரு விதி உலவியது: இரட்டைப்படை எண் கொண்ட படங்கள் நல்லவை, ஒற்றைப்படைப் படங்கள் மோசமானவை என்று. 2002இல் பத்தாவது படம் சரிந்தது, 2009இல் பதினோராவது படம் வென்றது, விதி உடைந்தது. அது உடைந்ததில் வியப்பில்லை, எண் எதையும் விளக்குவதில்லை. ஆனால் அப்படியொரு விதியை மக்கள் உருவாக்க முயன்றதில் ஓர் உண்மை இருக்கிறது. தொடரின் படங்களைப் பார்வையாளர்கள் தனித்தனியாக எடைபோடுவதில்லை, ஒன்றோடொன்று உறவு வைத்தே எடைபோடுகிறார்கள். மூன்றாவது படம் ஸ்பாக்கை உயிர்ப்பித்தபோது இரண்டாவது படத்தின் மரணமும் சற்று மலிவாகிப் போனது. பின்னால் வருகிற படம் முன்னால் வந்ததன் மதிப்பைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. ஆகவே தொடர்ப் படத்தை மதிப்பிடுவது என்பது தனிப்படத்தை மதிப்பிடுவதிலிருந்து கொஞ்சம் வேறான வேலை.

'எந்திரன்' விதித்த நிபந்தனைகளைப் பார்ப்போம். டாக்டர் வசீகரன் இராணுவத்துக்காகச் சிட்டி என்ற மனித உருவ ரோபோவைப் படைக்கிறார். அவர் முகமே அதற்கும் முகம். அது சொன்னதைச் செய்யும், சொன்னதை மட்டும் செய்யும். சோதனையின்போது பேராசிரியர் போரா, படைத்தவரையே குத்தும்படி கட்டளையிடுகிறார். சிட்டி தயங்காமல் கத்தியை ஓங்குகிறது. நல்லது கெட்டது தெரியாத இயந்திரம் என்று அதற்கு அனுமதி மறுக்கப்படுகிறது. அடுத்து வருவது தீ விபத்துக் காட்சி. எரியும் கட்டடத்திலிருந்து ஆட்களைக் காப்பாற்றும் பணியில், குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஆடையில்லாமல் அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவே, கேமராக்களின் முன்னால், இறக்கி வைக்கிறது சிட்டி. அவமானத்தில் ஓடும் பெண் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். கட்டளை எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது. கட்டளையின் உயிர் செத்தது. இரு படங்களிலும் சேர்த்து இதுதான் ஆகச் சிறந்த காட்சி என்று சொல்வேன். கிராபிக்ஸ் அதில் சொற்பம். இரணியன் கதையில் வரத்தின் சொல்லுக்கும் அதன் நோக்கத்துக்கும் இடையே இருந்த இடைவெளியில் தூண் பிளந்தது. இங்கே கட்டளைக்கும் கருணைக்கும் இடையே இருந்த அதே இடைவெளியில் ஓர் உயிர் போகிறது.

தொழிற்பேட்டைப் பகுதியின் கண்ணோடு பார்த்தால் இந்தக் காட்சியின் துல்லியம் இன்னும் கூடும். கார் ஆலையின் பாடி ஷாப்பில் வெல்டிங் ரோபோவை இரும்பு வேலிக்குள் வைத்திருப்பார்கள். வேலிக் கதவைத் திறந்தால் இன்டர்லாக் அதை நிறுத்திவிடும். அந்த ரோபோவுக்குக் கோபம் கிடையாது, காதலும் கிடையாது; எதிரே இருப்பது தகடா தசையா என்று வேறுபடுத்தவும் அதற்குத் தெரியாது. கற்றுக்கொடுத்த பாதையில் கற்றுக்கொடுத்த வேகத்தில் கை வரும். லைன் ஓடியாக வேண்டும் என்ற அவசரத்தில் சென்சாரை மறைக்கும்போதும், நிறுத்தாமல் பழுது பார்க்கும்போதும்தான் விபத்து நேர்கிறது. 'எந்திரன்' திரையில் ஓடிக்கொண்டிருந்த 2010 அக்டோபர் இறுதியில், ஸ்ரீபெரும்புதூர் பகுதியின் கைபேசி ஆலை ஒன்றில் ஓர் இளம்பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அப்போது ஆலை வாசலில் எழுந்தது. அதே கேள்வியைத்தான் தீ விபத்துக் காட்சியும் எழுப்பியது: இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்து ஒருவர் செத்தால், குற்றவாளி யார்? 'ரோபோ' என்ற சொல்லே இந்தக் கேள்வியோடு பிறந்தது. கரேல் சாபெக் 1920இல் எழுதிய செக் நாடகத்தில் முதலில் வந்த சொல் அது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது. அந்த நாடகத்தின் ரோபோக்கள் ஆலையில் உற்பத்தியாகும் தொழிலாளிகள்.

படம் அதன்பின் அடுத்த நிபந்தனைக்குப் போகிறது. சொன்னதை மட்டும் செய்வதுதான் குறை என்றால் உணர்ச்சியைக் கொடுப்போம் என்கிறார் வசீகரன். உணர்ச்சி வருகிறது, ஒரு பிரசவத்தில் தாயையும் சேயையும் காப்பாற்றுகிறது. உடனே அதன் விலையும் வருகிறது. உணர்ச்சி உள்ள பொருள் ஆயுதமாக இருக்க முடியாது, இராணுவ அதிகாரிகளின் முன்னால் சிட்டி காதலைப் பற்றிப் பேசி நிற்கிறது. படைத்தவனின் முகத்தைக் கொண்ட பொருள் படைத்தவனின் காதலியையே விரும்புகிறது. வசீகரன் கோடரியால் அதை வெட்டிக் குப்பைக்கு அனுப்புகிறார். இங்கே வில்லன் என்று தனியே ஒருவர் தேவைப்படவே இல்லை; ஒவ்வொரு திருப்பமும் முந்தைய நிபந்தனையிலிருந்தே கிளைக்கிறது. எழுத்தாளர் சுஜாதாவின் கை இந்தப் பகுதியில் தெரிகிறது என்றே நினைக்கிறேன். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற ரோபோ நாயைப் படிப்படியாகச் சிந்திக்க வைத்தவர் அவர். படம் வெளிவருவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2008 பிப்ரவரியில், அவர் காலமானார். வசனத்தில் அவர் பெயரோடு ஷங்கர், மதன் கார்க்கி பெயர்களும் இருக்கின்றன.

பிற்பகுதியில், குப்பைக்குப் போன சிட்டிக்குள் போரா செருகும் சிவப்பு சிப்பிலிருந்து படம் தளரத் தொடங்குகிறது. சிந்திக்கும் இயந்திரத்தின் சிக்கல் கெட்ட இயந்திரத்தின் அட்டகாசமாகச் சுருங்குகிறது. நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் ராட்சதனாகவும் உருவெடுக்கும் காட்சிகள் கண்ணை நிறைக்கின்றன, ஆனால் கேள்வியை ஓர் அங்குலமும் நகர்த்துவதில்லை. விதிவிலக்காக ஒன்று உண்டு. எல்லாப் பிரதிகளுக்கும் ஒரே முகம் என்பதால் அதே முகம் உள்ள மனிதன் அவற்றின் நடுவே ஒளிந்துகொள்கிறான். கூட்டத்தில் கலந்துவிட்ட கறுப்பு ஆட்டைச் சிட்டி தேடுகிறது. முகம் ஒன்று என்ற முதல் நிபந்தனையிலிருந்து இயல்பாக முளைத்த காட்சி அது. பல வினாடிகள் ஓடும் துப்பாக்கிக் கோளத்தை மறந்தவர்களும் இதை மறக்கவில்லை. கடைசியில் நீதிமன்றம் வருகிறது, சிவப்பு சிப் வைத்தது யார் என்று சிட்டியே சாட்சி காட்டுகிறது, ஆனாலும் அதைப் பிரித்துவிட வேண்டும் என்று தீர்ப்பாகிறது. சிட்டி தன் கையாலேயே தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறது. இதை 1991இல் வந்த 'டெர்மினேட்டர் 2' முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த இயந்திரத்தால் தன்னைத்தானே அழித்துக்கொள்ள முடியாது, அது அதன் நிரலில் உள்ள தடை. அதனால் உருகிய இரும்புக்குள் தன்னை இறக்கும்படி மனிதரிடம் கேட்கிறது. சிட்டிக்கு அந்தத் தடை இல்லை, கட்டளைக்குப் பணிவதே அதன் முதல் இயல்பு. இரு முடிவுகளும் நேர் எதிரானவை, இரண்டும் தத்தம் வரத்துக்கு உண்மையாக இருப்பதால் இரண்டும் நெஞ்சை அடைக்கின்றன.

இந்தக் கடனோடுதான் '2.0' தொடங்குகிறது. தொடக்கம் அபாரம். மக்களின் கைகளிலிருந்து கைபேசிகள் பிடுங்கிக்கொண்டு பறக்கின்றன. சாலை முழுக்க ஒளிரும் திரைகள் ஆறுபோல் ஓடுகின்றன. அவை சேர்ந்து ஒரு பெரும் பறவையாகின்றன. இந்திய சினிமாவில் இதற்கு இணையான கற்பனைப் படிமங்கள் குறைவு. செல்போன் கோபுரத்தில் தூக்கிட்டுக்கொள்ளும் பறவை ஆய்வாளர் பட்சிராஜனின் முன்கதையிலும் உண்மையான துயரம் இருக்கிறது, அக்ஷய் குமார் அதை அடக்கமாகவே செய்திருக்கிறார். ஆனால் படம் பெற்ற சொத்தையும் கடனையும் கணக்குப் பார்த்தால் நிலைமை வேறு. நீதிமன்றம் பிரிக்கச் சொன்ன ரோபோவை ஓர் அமைச்சரின் அனுமதியோடு சில காட்சிகளில் மீண்டும் பூட்டிவிடுகிறார்கள். முதல் படத்தின் கனமான தருணம் எதுவோ அதற்கு இங்கே எடையே இல்லை. இதைவிடப் பெரிய மீறல் சிவப்பு சிப். ஒரு நகரத்தையே சூறையாடிய பொருள் அது. இரண்டாவது படத்தில் சிட்டி தோற்றதும், நிலா என்ற புதிய ரோபோ அதே சிவப்பு சிப்பை எடுத்துப் பொருத்துகிறது. பழைய ஆணவம் வசனத்தில் திரும்புகிறது, நடையில் திரும்புகிறது. ஆனால் படைத்தவனுக்கு எதிராக அது திரும்புவதில்லை. விஷம் என்று ஒரு படம் நிறுவியதை அடுத்த படம் சத்துமருந்தாகக் கொடுக்கிறது, இடையில் என்ன மாறியது என்று ஒரு காட்சியும் சொல்லவில்லை. அரங்கம் ஆர்ப்பரித்தது உண்மை. வரம் மீறப்பட்டதும் உண்மை.

எதிரியின் பக்கத்திலும் இதே குறை. பட்சிராஜனின் ஆவி, பறவைகளின் உயிராற்றலோடு கலந்த ஒளிப்புலம் என்று படம் விளக்குகிறது. அது கைபேசிகளை இயக்கும், மனித உடலுக்குள் புகும், எதிர்மறை ஆற்றல் என்பதால் நேர்மறை ஆற்றலால் அடங்கும். எது அதனால் முடியாது என்று படம் சொல்வதே இல்லை. இயலாமை வரையறுக்கப்படாத எதிரியை வெல்லும்போது பார்வையாளனுக்கு வெற்றியின் சுகம் கிடைப்பதில்லை. இயக்குநர் வேண்டும்போது ஜெயித்தார், வேண்டும்போது தோற்றார் என்றுதான் தோன்றும். இரணியனின் வரத்தில் இருந்த ஐந்து ஷரத்துகள் எதிரிக்கு மட்டும் வலிமை தரவில்லை, கதைக்கும் எலும்பு தந்தன.

இந்த இடத்தில் நம் நிலத்தைச் சேர்ந்த ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். '2.0' கைபேசியைப் பற்றிய படம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கி, உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேருக்கு நேரடி வேலை தந்து, 2014 நவம்பர் 1 அன்று மூடியது. அடுத்த மாதமே அருகிலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது. 2015 டிசம்பரில் '2.0' படப்பிடிப்பு தொடங்கியபோது, சுற்று வட்டாரக் கிராமங்களின் ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் முதல் சம்பளத்துக்கும் வேலையிழப்புக்கும் காரணமான பொருளாகக் கைபேசி இருந்தது. படத்தில் கைபேசியைப் பயன்படுத்துபவர் உண்டு, விற்பவர் உண்டு, கோபுர உரிமையாளரும் அமைச்சரும் உண்டு. அதைச் செய்தவர் மட்டும் யாரும் இல்லை. எல்லாரையும் படம் காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதல் படம் எழுப்பிய கேள்வி படைத்தவரின் பொறுப்பு பற்றியது. கைபேசி என்ற பொருளை எடுத்துக்கொண்ட தொடர்ச்சி அந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்குக் கொண்டுவந்திருக்க முடியும், அதற்கான வாசல் திறந்தே இருந்தது. படம் அதைத் தாண்டிப் போய் பயன்படுத்துபவரின் கைமேல் குற்றத்தை வைத்தது.

மறுப்புகள் உண்டு, அவை எளியவை அல்ல. '2.0' வெளியாகும் தறுவாயில் இந்தியச் செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடமும் மத்திய அரசிடமும் புகார் கொடுத்தது. கைபேசிகளையும் கோபுரங்களையும் பற்றிப் படம் அறிவியலுக்குப் புறம்பான கருத்தைப் பரப்புகிறது என்பது புகார். அறிவியல் புனைகதையின் தரத்தை அறிவியல் சரியா என்று பார்த்துத்தானே சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தப் புகாரை ஆதாரமாக வைக்கலாம். கோபுரக் கதிர்வீச்சு குருவிகளை அழித்தது என்பது நிறுவப்பட்ட முடிவு அல்ல; கூடு கட்ட இடம் இல்லாமல் போனது, குஞ்சுகளுக்கான பூச்சிகள் குறைந்தது என்று வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. 2012 செப்டம்பரில் இந்தியா கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது முன்னெச்சரிக்கையாகவே. இவையெல்லாம் பொதுநலனுக்கு முக்கியமானவை. ஆனால் கலையின் தரத்தை இவை தீர்மானிப்பதில்லை. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் இசை கற்றுக்கொடுக்க ஆள் தேடிப் பூமிக்கு வருகிறார்கள். வானியல் அதை ஒப்பாது. அறிவியலில் முன்னேறியும் கலை இல்லாத உலகம் என்ற நிபந்தனையைப் படம் நேர்மையாக எடுத்துக்கொள்வதால் அந்தக் கற்பனை இன்றும் வாடவில்லை. '2.0'இல் எனக்கு உறுத்துவது கதிர்வீச்சுக் கருதுகோள் தவறாக இருக்கக்கூடும் என்பது அல்ல. அதை உண்மை என்று ஏற்றுக்கொண்ட படம் அந்த உண்மையின் விளைவைச் சந்திக்க மறுக்கிறது. பட்சிராஜன் சொன்னது சரியானால், அவரை வென்ற பிறகு கோபுரங்களை என்ன செய்வது? முடிவில் அவர் நோக்கம் நல்லது என்று சில வார்த்தைகள் வருகின்றன. எந்தக் கோபுரமும் இறங்கவில்லை.

இரண்டாவது மறுப்பு நட்சத்திர சினிமாவின் பக்கமிருந்து வரும். தமிழ் வெகுஜனப் படத்துக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது; ரஜினிகாந்த் திரையில் ஸ்டைலாகத் திரும்பும்போது தர்க்கம் ஓய்வெடுக்கும், அதை ஹாலிவுட் தராசில் நிறுப்பது அநியாயம் என்பார்கள். நான் வைத்திருக்கும் தராசு ஹாலிவுட்டிலிருந்து வந்ததல்ல. கோவில் மண்டபத்தில் கதாகாலட்சேபம் கேட்ட மக்கள் இரணியன் கதையை எடைபோட்ட தராசு அது. மேலும், நட்சத்திரமும் நிபந்தனையும் பகை இல்லை என்பதற்கு 'எந்திரன்'தான் சான்று. இரட்டை வேடம் தமிழ் சினிமாவின் பழைய சரக்கு. படைத்தவனும் படைப்பும் ஒரே முகம் என்று அதைக் கதையின் அச்சாக்கியபோது நட்சத்திரத்தின் கவர்ச்சியே வாதமாக மாறியது. '2.0'இல் அந்த முகங்கள் 3.0 குட்டிகளாகப் பெருகிப் புறாக்களின் மேல் சவாரி செய்கின்றன. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், முக ஒற்றுமைக்குப் பொருள் இல்லை. செலவுதான் தடை என்றும் யாரும் சொல்ல முடியாது. ஆர். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' 2015இல் பெரிய நட்சத்திரம் இல்லாமல் வந்தது. எதிர்காலத்திலிருந்து வந்து சேர்ந்த காலயந்திரம், கடந்த காலத்தில் செய்த ஒரு சிறு குறுக்கீடு, அதனால் சாக வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்வது: ஒவ்வொரு தவறுக்கும் கதைக்குள்ளேயே பில் வருகிறது. அந்தப் படம் ரசிகரைச் சிரிக்கவும் வைத்தது.

மூன்றாவது மறுப்பைத்தான் அதிகம் மதிக்கிறேன். நிபந்தனைகளைக் காப்பது கணக்குப்பிள்ளை வேலை, கலைஞனின் வேலை புதியதைச் செய்வது. இருபது முப்பது ஆண்டுகள் ஓடும் தொடரில் பழைய விதிகளுக்குக் கட்டுப்பட்டால் தொடர் மூச்சுத் திணறிச் சாகும் என்பது அந்த மறுப்பு. இதில் பாதி உண்மை. விதியை மீறவே கூடாது என்று நான் சொல்லவில்லை, விலை கொடுக்காமல் மீறக் கூடாது என்கிறேன். 2009 'ஸ்டார் ட்ரெக்' பழைய காலக்கோட்டை ஒதுக்கிவிட்டுப் புதிய ஒன்றைத் தொடங்கியது. அதை மறைக்கவில்லை, மீறலையே கதையின் நிகழ்ச்சியாக்கி, வல்கன் என்ற கிரகமே முழுதாக அழியும் விலையையும் கொடுத்தது. எதிர்ப்பக்கம் பார்த்தால், 'டெர்மினேட்டர் 2' பெரும் தியாகத்தால் தடுத்த பேரழிவு 2003இல் வந்த மூன்றாம் படத்தில் தள்ளிப்போனது மட்டுமே என்றாயிற்று. 2019இல் வந்த 'டார்க் ஃபேட்' எந்தச் சிறுவனைக் காக்க இரண்டு படங்கள் ஓடினவோ அவனைத் தொடக்கத்திலேயே கொன்றது. மூன்றாம் படத்துக்காவது தன் இருண்ட முடிவை ஏற்கும் துணிவு இருந்தது. பின்னதில் மரணம் மேசையைத் துடைக்கும் துணியாகவே பயன்பட்டது. கட்டுக்கோப்பு இருந்தும் சலிப்பூட்டும் படங்கள் உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன். வரத்தை மதிப்பது முதல் தகுதி. மதித்துக்கொண்டே யாரும் எதிர்பாராத அந்திப் பொழுதைக் கண்டுபிடிப்பது இரண்டாவது. முதல் தகுதி இல்லாமல் இரண்டாவது வராது. ஷரத்தே இல்லாத வரத்தில் கண்டுபிடிக்க இடுக்கு எங்கே இருக்கும்?

'எந்திரன்' இன்னொரு நிபந்தனையையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதன் கடைசிக் காட்சி நடப்பது 2030இல். அருங்காட்சியகத்தில் பிரித்து வைக்கப்பட்ட சிட்டியின் முன்னால் பள்ளிக் குழந்தைகள் நிற்கிறார்கள். ஏன் பிரித்தார்கள் என்று ஒரு குழந்தை கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கிவிட்டதுதான் காரணம் என்று சிட்டியின் தலை பதில் சொல்கிறது. '2.0' அந்தக் காட்சியைத் தொடவே இல்லை. மூன்றாவது படம் ஒன்று வருமானால் அது இந்தத் தேதியிலிருந்து தப்ப முடியாது: மீண்டும் பூட்டப்பட்டு, நகரத்தைக் காத்து, சிவப்பு சிப்போடும் வாழப் பழகிய ஓர் இயந்திரத்தை யார், எந்தத் தீர்ப்பின் பேரில், அந்தக் கண்ணாடி அலமாரிக்குத் திருப்பி அனுப்பினார்கள்?